அழகையாவின் கை போன இடம்

1974 ஜனவரி 9, புதன்

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை, சீனி தீர்ந்துவிட்டது. கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி குடியுங்கள் என்றால் வருகிறவர்கள் என்னை முறைக்கிறார்கள், ஏதோ நான்தான் கப்பலை மறித்து வைத்திருக்கிற மாதிரி. கிழமையில் இரண்டு நாள் சோறு விற்கக்கூடாது. மற்ற நாளில் விற்க அரிசி இல்லை. இதற்குப் பெயர் சாப்பாட்டுக் கடை. முதலாளி அலவி. நல்ல கூத்து.

பெரகலைக்குக் கீழே இந்தச் சந்தியில் என் கடைக்கு நேர் எதிரே மரத்தடை போட்டு மாசக்கணக்காகிறது. மொனராகலைப் பக்கமிருந்து மேலே ஏறுகிற பஸ், லொறி எல்லாவற்றையும் மறித்துப் பொலிஸ் அரிசி தேடுகிறது. ஆளுக்கு இரண்டு கொத்து அளவுக்கு மேல் கொண்டுபோகக் கூடாது என்பது சட்டம். சரி, சட்டம். ஆனால் அரிசி தேடச் சுடுகிற துவக்கு எதற்கு? எழுபத்தொன்றில் பொடியன்மார் பொலிஸ் ஸ்டேஷன்களைத் தாக்கிய நேரம் கொடுத்த துவக்குகள். அந்தக் கலவரம் முடிந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. துவக்குகளைத் திருப்பி வாங்கத்தான் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை.

தடையில் நிற்கிற சார்ஜனைப் பத்து வருஷமாகத் தெரியும். காலையில் இரண்டு பிளேன்டீ, வாய் நிறையப் பேச்சு. புதிதாக வந்திருக்கிற கான்ஸ்டபிள்தான் சரியில்லை. தெற்கே கடற்கரைப் பக்கத்து ஆள். எழுபத்தொன்றில் அவனுடைய கூட்டாளி ஒருவன் ஸ்டேஷனுக்குள்ளேயே செத்துப்போனானாம். காகம் பறந்தாலும் துவக்கைத் தூக்குகிறான்.

இன்று மாலை கல்லுமலைத் தோட்டத்து அழகையா வந்தான். கவ்வாத்துக் காலம், மலையில் தேயிலைச் செடி வெட்டுகிற வேலை முடிந்து நேரே வருகிறான். இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கில் கவ்வாத்துக் கத்தி. சார்ஜன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் தலைத்துண்டை அவிழ்த்தான், கத்தியை உருவிக் கீழே வைத்தான், பிறகுதான் சலாம் போட்டான். தோட்டத்து ஆட்கள் எல்லாரும் துரைக்கு முன்னால் செய்கிற வேலை. நான் சத்தம் போட்டேன்: “இது தேத்தண்ணிக் கடை, துரை பங்களா இல்ல. கத்திய இடுப்புலயே வை, யாராச்சும் மிதிச்சிருவாங்க.” அவன் சிரித்தான். “பெரியவுங்க முன்னால ஆயுதத்தோட நிக்கப்படாதுங்க நானா. எங்கப்பன் காலத்துலருந்து அப்படித்தான். கை தன்னால போயிருது.”

விறகு அடுக்குக்குப் பின்னால் இருக்கிற இரண்டு மூட்டை அரிசியைப் பற்றி இங்கே எழுதக்கூடாது. எழுதிவிட்டேன். போகட்டும்.

ஜனவரி 11, வெள்ளி

நாளை மறுநாள் கழித்துத் தைப்பொங்கல். தடையில் கெடுபிடி கூடிவிட்டது. ஒரு கிழவியின் தலையணையைக்கூடப் பிரித்துப் பார்த்தார்கள்.

ஜனவரி 12, சனி

கையில் துணி சுற்றிக்கொண்டு எழுதுகிறேன். 

அழகையாவைச் சுட்டுவிட்டார்கள்.

பகல் பஸ்ஸில் மொனராகலையிலிருந்து அவனுடைய மச்சான் பொங்கலுக்கு அரிசி கொடுத்து அனுப்பியிருக்கிறான். அரைநாள் வேலை முடிந்து அழகையாவும் பெண்சாதி அங்கம்மாவும் அதை வாங்க வந்து நின்றார்கள். கண்டக்டர் இறக்கிக் கொடுத்த மூட்டை இரண்டு கொத்துக்கு மேல் இருக்கும், பார்த்தாலே தெரியும். அழகையா அதைத் தோளில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தான். சார்ஜன் பஸ்ஸுக்குள் இருந்தார். புதிய கான்ஸ்டபிள் மட்டும் தடையருகே நின்றான். “நவத்தன்ன!” என்று கத்தினான். சிங்களத்தில் நில் என்கிறான்.

அழகையா நின்றான். ஓடவில்லை. சத்தியமாக ஓடவில்லை. மூட்டையை இறக்கினான். தலைத்துண்டை இடது கையால் அவிழ்த்தான். வலது கை இடுப்புக்குப் போனது. கத்தி பாதி வெளியே வந்தது. குனிந்தான்.

வெடித்தது.

நான் கேத்தலில் வைத்த கையை எடுக்காமல் நின்று முழுவதையும் பார்த்தேன். கை வெந்துபோனது பிறகுதான் தெரிந்தது. அவன் கத்தியைக் கீழே வைக்கத்தான் குனிந்தான். தடை மரத்துக்கு அந்தப் பக்கம் நின்றவனுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? தெரியாது. தெரியாவிட்டால் சுட்டுவிடுவதா? ஒரு வார்த்தை கேட்கக் கூடாதா? அரிசிக்கு ஒரு மனுஷனா?

அங்கம்மா கத்தவே இல்லை. அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, “மண்ணு ஒட்டுது, மண்ணு ஒட்டுது” என்று அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஜனவரி 13, ஞாயிறு

அவசரகாலச் சட்டத்தில் பொலிஸ் நினைத்தால் விசாரணை இல்லாமலே புதைத்துவிடலாமாம். ஜீப் வந்ததும் அதைத்தான் செய்யப் பார்த்தார்கள். ஆனால் மலையிலிருந்து சனம் இறங்கிவிட்டது. பிரேதத்தைச் சுற்றி ரோட்டிலேயே உட்கார்ந்துகொண்டார்கள். ஒருவரும் ஏசவில்லை, கல் எடுக்கவில்லை. உட்கார்ந்தார்கள், அவ்வளவுதான். அழகையாவின் தம்பி வீரய்யா மட்டும் திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னான்: “கோட்டுலருந்து ஐயா வந்து பாக்கட்டும். அப்பறம் எடுப்போம்.”

இன்று மத்தியானம் நீதவான் வந்தார். பார்த்தார், அளந்தார், கத்தியை எடுத்துப் போகச் சொன்னார். யாராவது கண்டீர்களா என்று கேட்டபோது சந்தி முழுக்க என் கடையைத் திரும்பிப் பார்த்தது.  பெயரைச் சொன்னேன். அடுத்த மாசம் பன்னிரண்டாம் திகதி கோட்டுக்கு வந்து சாட்சி சொல்ல வேண்டும்.

அங்கம்மாவையும் கேட்டார். அவள் சொன்னாள்: “நான் தலயத் தூக்கலீங்க சாமி. பொலிசு ஐயா சத்தம் போட்டாரு, நான் குனிஞ்சிக்கிட்டேன். அவரு கால் சப்பாத்ததான் பாத்தேன்.”

பஸ் சனத்துக்கு இந்தப் பக்கம் தெரியாது. அப்படியென்றால் கண்டது நான் ஒருவன்தான்.

ஜனவரி 14, திங்கள்

பொங்கல். மலையில் ஒரு லயத்து வீட்டிலும் புகை இல்லை.

பேப்பரில் கடைசிப் பக்கத்தில் வந்திருக்கிறது. ‘கத்தியுடன் பாய்ந்தவர் மீது பொலிஸார் சூடு.’ பாய்ந்தானாம். எவன் பார்த்தான் பாய்ந்ததை?

ஜனவரி 16, புதன்

சார்ஜன் வந்தார். பிளேன்டீ கேட்டார். கொடுத்தேன். என் முகத்தில் ஈயாடவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

நல்லவிதமாகத்தான் பேசினார். அதுதான் பயம். “முதலாளி, பொய் சொல்லும்படி நான் கேட்கவில்லை. பார்த்ததைச் சொல்லுங்கள். கை கத்திக்குப் போனதா? போனது. அதை மட்டும் சொன்னால் போதும். அந்தக் கான்ஸ்டபிள் பொடியனுக்குப் பெண்சாதி மாசமாக இருக்கிறாள்.” சிங்களமும் தமிழும் கலந்து மெதுவாகச் சொன்னார்.

எழும்பும்போது விறகு அடுக்கைப் பார்த்தார். “மழை வரும் போல இருக்கிறது. விறகு நனைந்துவிடும்.” அவ்வளவுதான். அவருக்குத் தெரியும். அந்த அரிசியில் சமைத்த சோற்றை எத்தனை பகல் அவரே சாப்பிட்டிருக்கிறார்! அரிசி பதுக்கியதாகப் பிடித்தால் கடையை மூடி என்னையும் உள்ளே போடலாம். பிணையும் இல்லை என்கிறார்கள்.

இதில் என் தலையைத் தின்கிற விஷயம் என்னவென்றால், அவர் கேட்பது பொய் இல்லை. கை கத்திக்குப் போனது உண்மை. அல்லாஹ் மேல் ஆணையிட்டு அதைச் சொல்லலாம். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம். ஒரு பாவமும் எழுதப்படாது.

எழுதப்படாதா?

ஜனவரி 18, வெள்ளி

கடையில் இன்று பெரிய வாக்குவாதம். லொறிக்கார றஹீம் ஒரு பெஞ்சில். எதிர்ப் பெஞ்சில் தர்மபால மாஸ்டர். பெரகலைச் சிங்களப் பாடசாலையில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் நன்றாகப் பேசுவார்.

றஹீம் மேசையைத் தட்டினான். “எழுவத்தொண்ட மறந்திட்டீங்களா மாஸ்டர்? ராவோட ராவா ஸ்டேசனுக்குள்ள பூந்து அடிச்சாங்களே! பொலிஸ்காரன் வெறும் பொல்லோட நிண்டா என்ன நடக்கும்? துவக்கு இரிக்கத்தான் வேணும். நாளைக்கு என்ட லொறிய மறிச்சி எவனும் வெட்டினா நீங்களா வருவீங்க?”

மாஸ்டர் கோபப்படவில்லை. “துவக்குக் கொடுத்தது சரியா பிழையா என்று நாளெல்லாம் பேசலாம் தம்பி. எனக்கு வேறு கேள்வி. சுட்ட பிறகு யாருக்குப் பதில் சொல்லவேண்டும்? சுட்டவனின் மேலதிகாரியே விசாரிக்கிறார், அவரே எழுதுகிறார், அவரே ஃபைலை மூடுகிறார். இப்படி இருந்தால் நாளைக்கு உன் லொறியை மறித்து உன்னைச் சுட்டாலும் நீ பாய்ந்தாய் என்றுதான் பேப்பரில் வரும்.”

“நான் ஏன் பாயப்போறன்?”

“அழகையா ஏன் பாயப்போகிறான்?”

 இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். நான் கிளாஸ் கழுவப் போய்விட்டேன். ஏற்கெனவே கழுவிய கிளாஸ்.

ஜனவரி 20, ஞாயிறு

ஸவாஹிராவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணம் முடித்த நாளிலிருந்து இவளிடம் ஒன்றை மறைத்து நான் வென்றதில்லை. அழுதாள், பிறகு ஏசினாள். “இஞ்ச பாருங்க, நாங்க கடை வெச்சிப் பொழைக்கிற ஆக்கள். பொலிசோட மல்லுக்கு நிக்கேலுமா? கேட்டதுக்கு ஆமா எண்டு சொல்லிட்டு இறங்கி வாங்க. மிச்சத்த அல்லா பாத்துக்குவான்.”

 அவள் சொன்னதுதான் என் மனதிலும் இருந்தது. அதை அவள் வாயால் கேட்டதும் வெட்கமாக இருந்தது.

ஜனவரி 23, புதன்

அங்கம்மா வந்தாள், கூட வீரய்யா.  சாட்சியைப் பற்றிக் கேட்கத்தான் வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, என்னென்னவோ சாக்குகளை வாய்க்குள் தயார் செய்தேன். ஹாஜியார் ஒருவரைப் பார்க்கப் பதுளைக்குப் போகவேண்டும் என்றுகூட ஒன்று.

அவர்கள் அதைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டது அரிசி. ஞாயிற்றுக்கிழமை பதினாறாம் நாள் கருமாதி. மலை முழுவதும் வரும். மரவள்ளிக் கிழங்குதான் இருக்கிறது. “படையலுக்கு மட்டும் ஒரு கொத்துக் கெடச்சாப் போதும் நானா. அவரு சோத்துக்காகத்தான போனாரு. கெழங்க வச்சிக் கும்பிட மனசு ஒப்பல.”

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். கடைக்குப் பின்னால் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நின்ற ஸவாஹிரா வெளியே வந்தாள். பொலிஸ் என்றால் நடுங்குகிற அதே ஸவாஹிரா. அங்கம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: “ஒங்கட மலையில கொழுந்து எடுக்கிற பொம்பளைங்க எத்தன பேர் வருவாங்க?”

“எல்லாருமே வருவாங்கம்மா. எதுக்கு?”

“ஆளுக்கு ரெண்டு கொத்து கொண்டு போகலாம்தானே. சட்டத்துலயே இரிக்குது.”

எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. விறகுக்குப் பின்னால் இருக்கிற மூட்டைகளைப் பிரித்துக் கொடுக்கப் போகிறாள். “உனக்கென்ன பைத்தியமா?” என்றேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

ஜனவரி 26, சனி

நடந்துவிட்டது.

வேலை விட்டு வந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகக் கடைக்குள் வந்தார்கள். ஸவாஹிரா கொத்தால் தலைதட்டி அளந்து முந்தானையில் போட்டாள். ஒரு அரிசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முடிச்சுப் போட்டுக்கொண்டு தடையைத் தாண்டினார்கள். கான்ஸ்டபிள்மார் இரண்டு பேர் ஒவ்வொரு முடிச்சையும் அவிழ்த்துப் பார்த்தார்கள். இரண்டு கொத்து. அடுத்தவளிடமும் இரண்டு கொத்து. அதற்கு அடுத்தவளிடமும். நாலாவது ஐந்தாவது ஆள் போனதும் சார்ஜன் வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். வரிசை போய்க்கொண்டே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் கேத்தலைப் பார்த்தேன்.

இரண்டு மூட்டையும் காலி. விறகுக்குப் பின்னால் இப்போது விறகுதான் இருக்கிறது. கொடுத்ததற்குக் கணக்கே வேண்டாம் என்று ஸவாஹிரா சொல்லிவிட்டாள். நாளைக்கு நாங்கள் என்ன சாப்பிடுவது என்று கேட்டதற்குக் கிழங்கைக் காட்டினாள்.

சிரிப்பு வந்தது. இப்போது சார்ஜன் என்ன செய்வார்? இருந்த ஒரு பயம் போய், என்னவென்று தெரியாத பயம் வந்திருக்கிறது. முந்தினதாவது கண்ணுக்குத் தெரிந்தது.

ஜனவரி 29, செவ்வாய்

பொலிஸ்காரர் ஒருவரும் தேத்தண்ணிக்கு வருவதில்லை. எதிரே நின்றுகொண்டு போத்தலில் தண்ணீர் குடிக்கிறார்கள். அவர்கள் வராததால் பஸ்காரர்களும் வருவதில்லை. றஹீம் மட்டும் வந்தான், அதுவும் பின்கதவால். “நானா, ஒங்கட கடை லைசன்ஸ் இந்த வருசம் கிடைக்காதாம் எண்டு கதைக்கிறாங்க. நான் கேள்விப்பட்டதச் சொல்றேன், என்னயக் கோவிக்காதீங்க.”

யார் கதைக்கிறார்கள் என்று கேட்டால் சொல்லமாட்டான்.

பெப்ரவரி 3, ஞாயிறு

ஹப்புத்தளையில் பொதுக் கூட்டம். மாஸ்டர் இழுத்துக்கொண்டு போனார். சனம் மண்டபத்துக்கு வெளியேயும் நின்றது. தொழிற்சங்கத்து ஆள் ஒருவர் தொண்டை கிழியப் பேசினார், தடையை எடு, துவக்கை எடு என்று. அதற்குப் பிறகு ஒரு கடைக்காரர் எழும்பி, பொலிஸும் இல்லாவிட்டால் நாங்கள் யாரை நம்புவது என்று கேட்டார். அவருக்கும் கைதட்டினார்கள். மாஸ்டர் சிங்களத்தில் பேசினார். சுடுகிற ஒவ்வொரு வெடிக்கும் பகிரங்கமாக, பொலிஸில் இல்லாத ஒருவர் முன்னால் பதில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் கேட்கிறோம் என்றார். மண்டபத்தின் பின்னால் சிவில் உடையில் நின்ற இருவர் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பிறகு யாரோ, “அந்தச் சந்திக் கடைக்காரர் இங்கேதான் இருக்கிறார், அவர் பேசட்டும்” என்று கத்திவிட்டான். எல்லாத் தலையும் திரும்பியது. நான் எழும்பி — சொல்ல வெட்கமாக இருக்கிறது — மூத்திரம் பெய்யப் போகிறவன் மாதிரி வெளியே போய், நேரே பஸ் ஏறிவிட்டேன்.

இவ்வளவு பேர் பேசுகிறார்கள். பேசியவர்களில் ஒருவரும் கண்டவர் இல்லை. கண்டவன் பஸ்ஸில் போகிறான்.

பெப்ரவரி 8, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை முடிந்து பள்ளிவாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். மௌலவியிடம் கேட்டேன், ஊரைச் சொல்லாமல், பெயரைச் சொல்லாமல்: பாதி உண்மையைச் சொல்லி மீதியைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யா? அவர் என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “அந்த மீதி யாருக்குச் சொந்தம்?” என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் புரிந்தது. அது அழகையாவுக்குச் சொந்தம். என்னிடம் விட்டுவிட்டுப் போயிருக்கிறான்.

பெப்ரவரி 11, திங்கள்

நாளைக்கு. கோட்டுக்குப் போகவேண்டும். ஸவாஹிரா சேர்ட்டை இரண்டு தடவை அயர்ன் பண்ணினாள்.

பெப்ரவரி 12, செவ்வாய்

பண்டாரவளைக் கோடு. 

கான்ஸ்டபிள் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். தொப்பி இல்லாமல் பார்த்தால் சின்ன முகம். பின்பக்கம் மலையிலிருந்து வந்த சனம், அங்கம்மா, வீரய்யா. மேசையில் அந்தக் கத்தி, துண்டுக் கடதாசி கட்டி. வாசலில் இடுப்பில் கைத்துவக்கோடு ஒரு பொலிஸ்காரர் காவல்.

என்னைக் கூப்பிட்டார்கள். சத்தியம் செய்தேன். பொலிஸ் தரப்புக்காக வாதாடுகிற அப்புக்காத்து எழும்பினார். வெள்ளைக் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிங்களத்தில் கேட்டார், மொழிபெயர்க்கிற முதலியார் அதைத் தமிழில் சொன்னார்.

“இறந்தவரை நில் என்று பொலிஸ்காரர் சொன்னாரா?”

“சொன்னார்.”

“அப்போது இறந்தவரின் கை கத்திக்குப் போனதா இல்லையா?”

 சார்ஜன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“போனது.”

பின்னால் சனத்திடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அங்கம்மாவாக இருக்கும். அப்புக்காத்து, “நன்றி, போகலாம்” என்று உட்கார்ந்துவிட்டார். முதலியார் இறங்கச் சொன்னார். எனக்கு இறங்கத்தான் ஆசை. வாசல் அந்தா இருக்கிறது.  சாட்சிக் கூட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

“நான் இன்னும் முடிக்கலீங்க ஐயா. கத்தியக் கீழ வெக்கத்தான் கை போனது.”

அப்புக்காத்து குதித்து எழும்பினார். “அவர் மனதில் என்ன இருந்தது என்று உமக்கு எப்படித் தெரியும்?”

“மனசு தெரியாதுங்க. கை தெரியும். பெரிய ஆக்களக் கண்டா இவங்க கத்திய எடுத்துக் கீழ வெச்சிட்டுத்தான் நிப்பாங்க. என்ட கடையிலயே எத்தனை தரம் வெச்சிருக்கான், நான் எத்தனை தரம் ஏசியிருக்கேன்! இந்த சார்ஜன் ஐயாவுக்கு முன்னாலயும் வெச்சிருக்கான். அவரக் கேளுங்க!”

வாயிலிருந்து வந்துவிட்டது. என் குரல் அவ்வளவு சத்தமாக இருக்கும் என்று எனக்கே தெரியாது. சார்ஜன் இப்போதும் சுவரைத்தான் பார்த்தார், ஆனால் கழுத்து சிவந்திருந்தது. அப்புக்காத்து இது கட்டுக்கதை, அப்படி ஒரு வழக்கமே கிடையாது என்றார்.

 நீதவான் பின்பக்கம் பார்த்து, கவ்வாத்து வெட்டுகிற ஆள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். வீரய்யாவைத் தள்ளிவிட்டார்கள். அவன் முன்னால் வந்து, தலைத்துண்டு ஏற்கெனவே தோளில், தரையைப் பார்த்தபடி நின்றான். இது என்ன கத்தி, எப்படிப் பிடிப்பது என்று நீதவான் கேட்டார். வேறொன்றும் கேட்கவில்லை. முதலியார் மேசையிலிருந்த கத்தியை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.

அண்ணன் கத்தி. வீரய்யா அதை ஒரு தரம் பார்த்தான். நிமிர்ந்தான். மேலே நீதவான்.

யாரும் சொல்லவில்லை. அவன் கை தன்னால் தோள்துண்டை உருவியது. மறுகை கத்தியோடு இறங்கியது. குனிந்தான்.

அதே நேரம் வாசலில் நின்ற பொலிஸ்காரரின் கை சடாரென்று இடுப்புத் துவக்குக்குப் போனது.

வீரய்யா கத்தியைத் தரையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். என்ன செய்தோம் என்பதே அவனுக்குத் தெரியாது. “இப்பிடித்தாங்க புடிக்கிறது” என்று சொல்ல வாயெடுத்து, கையில் கத்தி இல்லாததைக் கண்டு திகைத்துப்போனான். நீதவான் தரையில் இருந்த கத்தியைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அந்தப் பொலிஸ்காரர் கையை மெதுவாக எடுத்தார்.



கான்ஸ்டபிள் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். அவன் அழுதானா தெரியாது. தோள் ஆடியது. அவனை வெறுக்க வேண்டும் என்று ஒரு மாசமாக முயற்சி செய்கிறேன். அந்த நேரம் முடியவில்லை. அங்கம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு முடிந்தது.

பெப்ரவரி 13, புதன்

மாஸ்டர் பேப்பரை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். தற்பாதுகாப்பு என்ற கதையை நீதவான் ஏற்கவில்லை. கான்ஸ்டபிள் மேல் வழக்கு நடக்க வேண்டும். கலவரத்துக்கென்று கொடுத்த ஆயுதம் அரிசித் தடைக்கு எப்படி வந்தது, யார் அனுமதித்தது என்று மேலதிகாரிகள் எழுத்தில் பதில் தரவேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை முதல் பக்கம். மாஸ்டர் இரண்டு தரம் வாசித்தார். றஹீம் கேட்டுவிட்டு, “சரி, இனி லொறிக்காரனுக்கு யாரு காவல்?” என்றான். ஆனால் தேத்தண்ணியை முன்பக்கப் பெஞ்சில் உட்கார்ந்துதான் குடித்தான்.

எனக்குச் சந்தோஷம் வரவில்லை. ஜீப் சத்தம் கேட்டால் இன்னும் கிளாஸ் நழுவுகிறது.

மார்ச் 1, வெள்ளி

கான்ஸ்டபிளைப் பிணையில் விட்டிருக்கிறார்கள். வழக்கு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. லைசன்ஸ் இன்னும் வரவில்லை. கேட்கப் போனால் அடுத்த கிழமை வா என்கிறார்கள். அடுத்த கிழமை போனால் அதற்கு அடுத்த கிழமை.

ஸவாஹிரா சொல்கிறாள், “கெழங்கு வித்தும் கடை நடத்தலாம்.” நடத்துகிறோம்.

மார்ச் 23, சனி

தடை இருக்கிறது. அரிசிச் சட்டமும் இருக்கிறது. ஆனால் சோதிக்கிறவர் கையில் ஆயுதம் இருக்கக்கூடாது என்று மேலேயிருந்து ஓர் உத்தரவு வந்திருக்கிறதாம். எத்தனை நாளைக்கோ.

பகல் பஸ் வந்தது. வீரய்யாவும் அங்கம்மாவும் இறங்கினார்கள். அவன் தோளில் ஒரு மூட்டை, இடுப்பில் கத்தி. தடையில் சார்ஜன் மட்டும்தான். தோளில் துவக்கு. பழக்கம் போகவில்லை போலும்.

“நவத்தன்ன,” என்றார்.

நான் கேத்தலை வைத்துவிட்டேன்.  ஸவாஹிரா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வீரய்யா நின்றான். மூட்டையை இறக்கினான். கை இடுப்புப் பக்கம் கிளம்பியது. பாதியில் நின்றது. அவன் அந்தக் கையைத் தன்னுடையது இல்லாத மாதிரி பார்த்தான். பிறகு அப்படியே தொங்கவிட்டான். கத்தி இடுப்பிலேயே இருந்தது. துண்டு தலையிலேயே இருந்தது. அங்கம்மா அவன் பின்னால் தலையைத் தூக்கிச் சார்ஜனின் முகத்தை நேரே பார்த்துக்கொண்டிருந்தாள். சப்பாத்தை இல்லை. முகத்தை.

யாரும் அசையவில்லை. எவ்வளவு நேரமோ.

சார்ஜன்தான் அசைந்தார். தோளிலிருந்து துவக்கைக் கழற்றிக்கொண்டு ரோட்டைக் கடந்து என் கடைக்கு வந்தார். அதைப் பெஞ்சில் சாய்த்தார். திரும்பிப் போய்க் குனிந்து மூட்டையை அவிழ்த்துப் பார்த்தார். இரண்டு கொத்துத்தான். கட்டிக் கொடுத்தார். அவர்கள் மலையேறினார்கள்.

அவ்வளவு நேரமும் அந்தத் துவக்கு விழுந்துவிடுமோ என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். தொட மனம் வரவில்லை.

துவக்கை எடுக்க வந்தவர் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ கேட்டார். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை. போட்டுக் கொடுத்தேன். கடிக்கக் கருப்பட்டி இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். இருந்தது.